அன்று காரை ஓட்டியது உன் அம்மாச்சி

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கு அப்பாவாக யார் வரப்போகிறாரோ, அவரிடமும் வேண்டாம். உன் உயிர்த்தோழியிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இப்போது எனக்குப் பத்தாம் வகுப்பு நடக்கிறது. வில்லாபுரத்து வீட்டின் பின்னறையில், வெளிச்சம் கதவிடுக்கில் போகாமல் இருக்கத் தரையில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. பிறந்து வளர்ந்து, நீயாக ஒரு காரை ஓட்டும் வயது வந்த பிறகு இது உன் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிறக்காத பிள்ளைக்கு எதற்கு இத்தனை பெரிய கடிதம் என்று நீ சிரிக்கலாம். இந்த வீட்டில் இப்போது பேச ஆளில்லை. அதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அம்மா, உனக்கு அம்மாச்சி. அவள் கார் பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டில் இருந்த என்னிடம் சொன்னாள்: "நான் படிச்சு உனக்குச் சொல்லித் தாரேன். நீ உன் மகளுக்குச் சொல்லிக் குடு. நடுவுல ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னா, அடுத்து வர்றவ மறுபடி மொதல்ல இருந்து பயப்படணும்." அவள் எனக்குச் சொல்லித்தர ஆரம்பிக்கும் முன்பே எல்லாம் நின்றுவிட்டது. நடுவில் விட்டுப்போகிற ஆள் நானாக இருந்துவிடக் கூடாது. அதனால், எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

அம்மா ஏன் கார் பழகினாள் என்று முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வெள்ளைக் கார், நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வேறொருவரிடமிருந்து வாங்கியது. வந்த அன்று நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா அதன் மேல் ஏற்றினார். ஒரு பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. அதைத் தேடித் தெருப்பிள்ளைகள் எல்லாம் சாக்கடை ஓரம் குனிந்து நின்றது நினைவிருக்கிறது. அதிலிருந்து அப்பா மட்டுமே ஓட்டினார். அழகர்கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பின்சீட்டில் அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிடுவேன். வீடு வந்துவிட்டது தெரிந்தும், தூக்கிக்கொண்டு போகட்டும் என்று கண்ணை மூடியே கிடப்பேன். உனக்கும் அப்படி ஒரு பின்சீட்டு கிடைக்க வேண்டும்.

போன வருடம் ஒரு சாயங்காலம் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்துவிட்டது. கூடத்துத் தரையில் புழுவாகச் சுருண்டு கிடந்தார். வாசலில் கார் நின்றது. ஓட்ட ஆளில்லை. எதிர்வீட்டு அண்ணன் ஊரில் இல்லை. தெருமுனையில் வந்த ஆட்டோக்கள் எல்லாம் சவாரியோடு வந்தன. அம்மா தெருவுக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி, கடைசியில் காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சும்மா அழுதாள். பிறகு ஒரு ஆட்டோ கிடைத்தது, அப்பாவும் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, எனக்கு வண்டி பழகித் தாங்க." அப்பா, "உனக்கு எதுக்கும்மா?" என்றார். "வாசல்ல வண்டி நிக்கிது, ஊரெல்லாம் ஆளத் தேடுறேன். இனிமே தேட மாட்டேன்" என்றாள். பழகுநர் உரிமம் எடுத்தார்கள். எல்.எல்.ஆர். என்போம். என் பள்ளி வேலைக்கு வாங்கிய சிவப்பு ஒட்டுத்தாளில் நான்தான் 'எல்' வெட்டிக் கொடுத்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அந்தக் காலைகள் எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கடந்த ஞாயிறு வரைக்கும் இருந்தவைதான். ஆனால் ரொம்பப் பழைய காலம் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால் அப்பா வண்டியூர் தெப்பக்குளம் வரைக்கும் ஓட்டி வருவார். அங்கே இருவரும் இடம் மாறுவார்கள். குளத்தைச் சுற்றிச் சுற்றி வருவோம். நடு மண்டபத்தின் மேல் வெளிச்சம் ஏறிக்கொண்டே வரும். நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு போவார்கள். இடப்பக்கச் சீட்டில் அப்பாவின் காலடியில் பிரேக் கிடையாது. இருந்தாலும் அவர் மிதித்துக்கொண்டே வருவார். "ஏங்க, ரப்பர் பாய் ஓட்டையாயிரும்" என்பாள் அம்மா. "நீ ரோட்டப் பாரு, என் காலப் பாக்காத" என்பார் அப்பா. வெள்ளை பனியன் போட்டு நடக்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு வாரமும் எங்கள் வண்டியை முந்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "ஏம்மா, நடந்தே ஒன்னய முந்திட்டேனே" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். "அடுத்த வாரம் வாங்கண்ணே, பாப்போம்" என்றாள் அம்மா. அடுத்தடுத்த வாரமும் அவர்தான் முந்தினார். அப்புறம் ஒரு ஞாயிறு, அம்மா மூன்றாவது கியர் போட்டு அவரைக் கடந்தாள். ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டு. அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அன்று பருத்திப்பால் குடிக்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை, புரையேறிவிட்டது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா முதல் தடவையாகக் குளத்தை விட்டு வெளியே, வீட்டை நோக்கி ஓட்டினாள். அப்பா பக்கத்தில், நான் பின்னால். அவள் தன் பக்கத்தில்தான் போனாள், மெதுவாகத்தான் போனாள். இதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஒரு குறுக்குத் தெருவிலிருந்து குட்டியானை ஒன்று எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தது. சின்ன சரக்கு வண்டியைத்தான் அப்படிச் சொல்வோம். அதை ஓட்டியவன் கல்யாணத்துக்குக் கட்டும் வாழைமரங்களைக் குலையோடு ஏற்றியிருந்தான். அவை முன்னால் வரை நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா பிரேக் பிடித்து நிறுத்தியே விட்டாள். நின்ற வண்டியின் மேல் அவன் வந்து ஏறினான். எங்கள் காரின் முன்பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. கண்ணாடி முழுக்க வாழையிலை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பச்சை இருட்டுக்குள் அம்மா கைபிரேக்கை இழுத்தாள், இஞ்சினை அணைத்தாள், விளக்குகளை மினுக்க விட்டாள். திரும்பி, "பாப்பா, கை காலெல்லாம் ஆட்டு, பாப்போம்" என்றாள். நான் ஆட்டினேன். அப்பாவுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். அவ்வளவுதான். உனக்கு யாராவது வந்து மோதினால், இந்த வரிசையை நினைத்துக்கொள். உன் அம்மாச்சி அப்படித்தான் செய்தாள்.

குட்டியானை ஓட்டிய ஆள் இறங்கி ஓடிவந்தான். மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. வாழமரம் மறச்சிருச்சு, பாக்கலக்கா" என்றான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஓட்டுனது பொம்பளையா?" என்றார். இன்னொருத்தர், "எல் போர்டு வேற. அப்பறம் கேக்கணுமா?" என்றார். குட்டியானைக்காரன் அவர்கள் முகத்தைப் பார்த்தான், எங்கள் முகத்தைப் பார்த்தான். எனக்கு அந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது. அவன் குரலே மாறியது. "அதான்ணே. நான் நேராத்தான் வாரேன். அந்தக்கா தடுமாறி எங்கிட்டோ இருந்து வந்துட்டாங்க." அம்மா வாயைத் திறக்கும் முன் அப்பா இறங்கிவிட்டார். "எந்த அக்கா? வண்டிய ஓட்டுனது நான்தாம்ப்பா." கூட்டத்தில் ஒரு குரல், "சாவி அவங்க கையிலல்ல இருக்கு" என்றது. சிலர் சிரித்தார்கள். அப்பா அம்மாவின் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. அம்மா மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவர் முன்னால் போய் நின்றார். எனக்கு அப்போது அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை வீடு வரைக்கும் எங்களோடு வந்துவிட்டது.

மத்தியானம் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன், சிம்மக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். காரைத் தெரிந்த பட்டறைக்கு இழுத்துப்போய் நிறுத்தச் சொல்லிவிட்டு, உடனே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்றார். அம்மா, "இன்சூரன்ஸ்காரங்க வந்து பாக்காம கைய வைக்கக் கூடாது. நான் அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நீயும் இதை மறக்காதே. வண்டியை நகர்த்தும் முன் நாலாபக்கமும் படம் எடு. மோதியவன் வண்டி எண் தெரிய ஒரு படம் எடு. ரோட்டில் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய இன்னொன்று எடு. "நம்ம ஊருக்காரய்ங்க, பேசி முடிச்சுக்குவோம்" என்று யாராவது தோளில் கை போடுவார்கள். பேசட்டும். நீ அன்றைக்கே இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டு அப்புறம் பேசு. அந்தக் கூட்டத்தின் நடுவில் அம்மா சத்தமில்லாமல் இதையெல்லாம் செய்தாள். யாரும் கவனிக்கவில்லை.

பெரியப்பா கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஓட்டுனது யாரு?" அப்பா அம்மாவைப் பார்த்தார். பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, எல்.எல்.ஆர்.னா லைசென்ஸ் இல்லைன்னு அர்த்தம். சல்லிக்காசு தர மாட்டாய்ங்க. அதோட அந்தப் பய வேற மாத்திப் பேசுறான். பொம்பள ஓட்டுச்சுன்னு எழுதுனா, தப்பு மொத்தமும் இந்தப் பிள்ள தலையில விழுகும். நீதான் ஓட்டுன. முடிஞ்சுபோச்சு" என்றார். அம்மா, "நெசத்தச் சொன்னா என்ன?" என்றாள். "நெசத்தச் சொன்னா நம்பிக் காசு தர, இன்சூரன்ஸ்காரன் என்ன நம்ம வீட்டு மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, பெரியப்பா எழுந்து பட்டறைக்குப் போய் இரண்டு 'எல்'லையும் உரித்துவிட்டு வந்தார். என்னிடமும் சொன்னார்: "பாப்பா, யாரும் கேட்டா அப்பா ஓட்டுனாருன்னு சொல்லு. மேல கேட்டா, தூங்கிட்டு வந்தேன்னு சொல்லிரு."

குட்டியானைக்காரனுக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியும். அந்த வெள்ளை பனியன் பெரியவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் அம்மா அன்று கார் ஓட்டவில்லை.

இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி சொல்வதால், விசாரிப்பதற்கு வேறொருவர் நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறார். அப்பா, அம்மா, நான், மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்பாராம். எனக்குப் பயம் அவரிடம் இல்லை. அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. அவனியாபுரத்துப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் அவள், முன்பெல்லாம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதும், "இன்னைக்கி டிரைவர் அண்ணே கிளட்ச எப்படி மிதிச்சாரு தெரியுமா?" என்று செய்துகாட்டுவாள். இப்போது பையை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறாள். எதிர்வீட்டு அக்கா, "டிரைவிங் எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் விட்டுட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் இன்று அப்படிச் செய்தேன். பள்ளி விட்டு வந்ததும், அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் போனை எடுத்து இன்சூரன்ஸ் ஆபீசின் உதவி எண்ணுக்கு அடித்தேன். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு அக்கா பேசினார். "ஒரு சந்தேகம்க்கா. எல்.எல்.ஆர். வச்சிருக்கவங்க ஓட்டும்போது இன்னொருத்தர் வந்து இடிச்சுட்டா, இன்சூரன்ஸ் கிடைக்காதா?" என்று கேட்டேன். அவர் நிதானமாக, "பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவர் உட்கார்ந்திருந்தாராம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "எல்.எல்.ஆர். தேதி முடியலையே? எல் போர்டு இருந்துச்சா?" இருந்தது என்றேன். "அப்புறம் என்னம்மா? எல்.எல்.ஆர்.ல ஓட்டுனதுக்காக இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. யார் மேல தப்புங்கறது தனி விசாரணை. ஓட்டுன ஆளையே மாத்திச் சொன்னாத்தான் சிக்கல். அது தெரிஞ்சா மொத்தமும் போயிரும்" என்றார். "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று அவர் கேட்டதும் பயந்து போனை அணைத்துவிட்டேன்.

அம்மாவின் போன் எண்ணை வைத்தே எங்கள் வண்டி எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட உட்காரும்போது அவர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். போனை எடுத்தது அப்பா. "சந்தேகமா? எங்க வீட்லருந்தா? அப்பிடி யாரும் கேக்கலையே" என்றார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் கார் நொறுங்கிப்போகும் ஒரு நாள் உனக்கும் வரலாம், வர வேண்டாம். வந்தால் நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் உன்னைக் காப்பாற்ற வருவார்கள், அன்போடுதான் வருவார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியிலேயே யோசித்து வைத்திருப்பார்கள். நீ அவர்களுக்குச் சோறு போடு, காபி கொடு, கோபப்படாதே. ஆனால் ஓட்டியது நீ என்றால், நான்தான் ஓட்டினேன் என்று சொல். பயமாக இருந்தாலும் சொல். கார் போனால் பட்டறையில் சரிசெய்து தருவார்கள். குளத்தைச் சுற்றி ஒரு பெண் அத்தனை ஞாயிற்றுக்கிழமை பழகியதை இல்லை என்று ஆக்கிவிட்டால், அதை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. அம்மா பிரேக் பிடித்து நின்றாள். அவன் வந்து மோதினான். இதை நாளை காலையில் நான் சொல்ல வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. அந்த ஆள் வரும் முன்னாலேயே அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். மாடிப்படியில் வைத்து, அவர் செருப்பு மாட்டும் நேரத்தில் 

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "பாப்பா, தெறடா. நீ முழிச்சிருக்கது தெரியும். அம்மா போன்ல இருந்து அவங்ககிட்டப் பேசுனது யாரு?" கோபக் குரல் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அம்மாவும் வந்துவிட்டாள். "பிள்ளைய ஏன் கேக்குறீங்க? பேசுனது நான்" என்கிறாள்.

பேசியது அவள் இல்லை, நான். கதவைத் திறந்து நானே சொல்லப் போகிறேன்.